பாட்டுக்குப் பொன்னாடை! பாடகனுக்குப் பட்டினி!

விழா முடிந்தது. வாழை மரங்கள் வாடின. வண்ண விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கி கொண்டுவந்தவர் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். நாற்காலி வாடகைக்குத் தந்தவர் வாங்கிக்கொண்டார். பந்தல் போட்டவர், சோறு சமைத்தவர், சுவரொட்டி அச்சிட்டவர் அனைவரும் வாங்கிக்கொண்டனர். வாங்கட்டும், உழைத்தவர்கள் வாங்கத்தான் வேண்டும். தொலைவிலிருந்து காரில் வந்து முக்கால் மணி நேரம் முழங்கிய பேச்சாளருக்கும் வழிச்செலவு போக உறை ஒன்று கைமாறியது. அதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால், அந்த மேடையில் இரண்டு மணி நேரம் பாடினானே ஓர் இளைஞன் — சொல்லும் அவனுடையது, மெட்டும் அவனுடையது, குரலும் அவனுடையது, தோளில் தொங்கிய கிதாரும் கடன்பட்டு அவனே வாங்கியது — அவனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

ஒரு பொன்னாடை!

பொன் இல்லாத பொன்னாடை. போர்த்தினார்கள், படம் பிடித்தார்கள், "நெய்தல் நிலம் ஈன்ற நித்திலமே" என்று புகழ்ந்தார்கள், பிறகு பந்தலைப் பிரிக்கப் போய்விட்டார்கள். அவன் பூம்புகாரைச் சேர்ந்தவன், மீனவர் வீட்டுப் பிள்ளை, என்னிடம் படித்தவன். விடியுமுன் படகேறுகிறவன், பகலில் வலை சீர் செய்கிறவன், இரவில் பாட்டுக் கட்டுகிறவன். கடைசிப் பேருந்துக்குத் தன் காசிலேயே சீட்டு வாங்கி ஊர் திரும்பினான். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டான்: "ஐயா, இந்தப் பொன்னாடையைக் கொடுத்தால் மளிகைக் கடையில் அரிசி தருவார்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில், அவனை அந்த விழாவுக்கு அழைத்துச் சென்றவனே நான்தான். "காசு பற்றிப் பேசாதே தம்பி, பெயர் கிடைக்கும், போய்ப் பாடு" என்று அறிவுரை வழங்கிய ஆசான் நான்தான். ஆகவே, தோழர்களே, இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறி நிற்பவனும் நானே. அடுத்து உங்களையும் அழைப்பேன். ஆத்திரப்படாமல் ஏறி வாருங்கள்!

புகார் தந்த பொன்

எந்த ஊரில் இது நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். இது புகார்! பாட்டுக்கு இலக்கணம் கண்ட ஊர். இங்கே மருவூர்ப்பாக்கத்தில் பாணர்க்கென்றே தனி வாழிடம் இருந்தது. "பெரும்பாண் இருக்கை" என்று அதற்குப் பெயர். அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். ஆடிய மாதவியை மட்டுமா பாடினார் இளங்கோ? ஆடல் ஆசிரியன், இசையாசிரியன், பாட்டு யாக்கும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழல் ஊதுவோன், யாழ் மீட்டுவோன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொருவர் புலமையையும் வகுத்துரைத்தாரே! ஆடி முடித்த மாதவிக்குத் தலைக்கோல் தந்தான் சோழன். 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள் அவள். பட்டத்தோடு பொன்னும் வந்தது. பட்டம் தந்தோமே, பொன் எதற்கு என்று எந்த விழாக் குழுவும் அன்று கேட்கவில்லை.

கானல்வரியை நினையுங்கள். கடலாடும் விழாவின்போது இந்த மணற்பரப்பில்தான் கோவலன் யாழெடுத்துப் பாடினான். மாதவி அதை வாங்கி மறுபாட்டுப் பாடினாள். தம் நெஞ்சில் எழுந்ததைத் தாமே இசையாக்கித் தாமே பாடிய இருவர். பாட்டின் பொருளை மாறாகக் கொண்டு பிரிந்த இருவர். ஒரு காவியத்தின் போக்கையே ஒரு பாட்டு திருப்பியதாக எழுதிவைத்த இனம் இது. 1973ஆம் ஆண்டு முதல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழடுக்கு மாடமாக இங்கே எழுந்து நிற்கிறது. உள்ளே கல்லில் கதை நிற்கிறது. காண வருவோர் களிக்கின்றனர். வெளியே உயிரோடு ஒருவன் பாடுகிறான்; அவன் அடுப்பில் பூனை உறங்குகிறது!

பரிசில் வேறு, கூலி வேறு

ஆனால், பழம்பெருமை பேசி மயங்குவது நம் வேலையன்று. பொற்காலத்திலும் பாணன் பசித்தே இருந்தான். ஆற்றுப்படை நூல்கள் எதைச் சொல்கின்றன? பரிசில் பெற்ற கலைஞன், பெறாத கலைஞனை வழியில் கண்டு, "இன்ன வள்ளலிடம் போ, உன் சுற்றத்தின் பசி தீரும்" என்று வழிகாட்டுகிறான். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலனின் கொடைச் சிறப்பு மட்டுமா தெரிகிறது? அவன் வாயிலுக்கு வருமுன் அந்தப் பொருநன் உடுத்திருந்த கந்தலும் அல்லவா தெரிகிறது! வள்ளல் இருந்தால் விருந்து. வள்ளல் மாய்ந்தால் வறுமை. இதுதான் பரிசில் வாழ்வு.

பரிசில் என்பது கொடுப்பவன் மனம். கூலி என்பது உழைப்பவன் உரிமை. பரிசிலுக்கு வாழ்த்த வேண்டும், வணங்க வேண்டும், வாயிலில் காத்திருக்க வேண்டும். கூலியை நிமிர்ந்து நின்று கேட்கலாம். பாணனுக்குப் பரிசில் இருந்தது, உரிமை இல்லை. அதனால்தான் அரசுகள் சரிந்தபோது அவனும் சரிந்தான். யாழேந்தி அவைக்குள் நுழைந்தவனைப் பின்வந்த சாதிச் சமுதாயம் இழிந்தோன் என்று எட்டி நிறுத்தியது. பண் வேண்டும், பாணன் வேண்டாம்! இந்த வஞ்சகம் இன்று தோன்றியதன்று.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று கணக்குச் சொல்கிறது. திருப்பதியம் பாட 48 பேர், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க 2 பேர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நெல் முக்குறுணி. அவர்கள் பாடியது தம் பாட்டன்று, முன்னோர் பாட்டு. கோயிலுக்குள் கட்டுண்ட வாழ்வு அது. அதை மீட்டெடுக்கச் சொல்லவில்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள்: இன்னாருக்கு இவ்வளவு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசராசன் கல்லில் வெட்டி வைத்தான். இன்றைய விழாக் குழுவோ, பாடுகிறவனுக்குத் தர வேண்டியதைத் துண்டுத்தாளிலும் எழுத மறுக்கிறது!

சோழநாட்டுச் சான்றுகள்

தரங்கம்பாடிக்கு அருகே உள்ளது தில்லையாடி. அங்கே 1711இல் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர் அருணாசலக் கவிராயர். இராம நாடகக் கீர்த்தனைகளை ஆக்கியவர். அத்தகையவர் காசுக்கடை வைத்துப் பிழைத்தார் என்றே அவர் வரலாறு கூறுகிறது. பாட்டு பாராட்டைத் தந்தது. பானையைக் கடைதான் நிரப்பியது. அடுத்த நூற்றாண்டில், மயிலாடுதுறைக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. பண்ணையாளின் துயரைப் பாட்டாக்கிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைத் தந்தவர். ஊரெல்லாம் அதைப் பாடியது. ஆனால் அதை அச்சேற்ற உதவியவர் யார்? காரைக்காலில் அதிகாரியாயிருந்த சிசே என்னும் பிரெஞ்சுக்காரர்! காவிரி நாட்டில் கதிர் விளைவித்த நிலக்கிழார்களுக்குக் குறைவா? மனந்தான் குறைவு.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களை இலக்கிய வரலாறு நெடுங்காலம் முற்றத்திலேயே நிறுத்தி வைத்தது. சந்தையிலும் தெருமுனையிலும் தொடர்வண்டியிலும் பாடிச் சென்ற சிந்துக்காரர்கள். வெள்ளம், கொலை, விலையேற்றம், விடுதலைக் கிளர்ச்சி என்று எதையும் பாட்டாக்கினர். சிறு சுவடிகளாக அச்சிட்டனர். பாடிக்காட்டிச் சில்லறைக் காசுக்கு விற்றனர். குஜிலிப் பதிப்பு என்று கற்றோர் இகழ்ந்தனர். நான் சொல்கிறேன்: கடைவீதியில் நின்ற அந்தச் சிந்துக்காரன், இன்றைய பொன்னாடைப் பாடகனைவிடத் தன்மதிப்போடு வாழ்ந்தான். பாட்டு கொடுத்தான், காசு வாங்கினான். கும்பிடவில்லை!

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எப்படி மறப்பது? உழவன் வீட்டில் பிறந்து, உழைப்பவன் பக்கம் நின்று பாடியவர், 1959இல் தம் 29ஆம் வயதில் மறைந்தார். பாரதி 1921இல் மறைந்தார். அவர் பாடல்கள் 1949இல் நாட்டுக்குரியன ஆயின. செத்தபின் சிலை, இருந்தபோது இல்லாமை! மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிப் பாடிச் சிறை புகுந்த விசுவநாததாஸ், 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னை நாடக மேடையிலேயே உயிர் விட்டார். வறுமையோடு வாழ்ந்து, பாடியபடியே மாண்ட அந்தப் பெருமகன், மருத்துவர் குலத்தவர் என்பதால் உடன் நடிக்க மறுத்தோரையும் கண்டவர். பாட்டில் தீண்டாமை இல்லை. பாடியவனிடம் உண்டு என்ற பழைய நஞ்சு அது.

இன்றைய நிலை என்ன?

"காலம் மாறிவிட்டது ஆசிரியரே! கைபேசி வந்துவிட்டது, எவனும் பாடலாம், எங்கும் ஒலிக்கலாம்" என்பர். உண்மை, ஒலிக்கலாம். உண்ணலாமா?

தையில் அறுவடை முடிந்து ஊர்களில் கொஞ்சம் காசு புழங்கும் நாளில்தான் எங்கள் பக்கம் திருமணமும் திருவிழாவும் மிகும். புரட்டாசி கழிந்து மழை தொடங்கினால் மேடை ஏது? பாடுகிறவன் நான்கைந்து மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். 2020இல் பெருந்தொற்று வந்தபோது மேடைகள் மூடின. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிருக்கு இழப்பீடு கேட்டோம், கேட்டது நியாயம். பாட்டுக்காரனின் பாழ்பட்ட பருவத்துக்கு இழப்பீடு கேட்க எந்த நாவும் எழவில்லை.

கைபேசி உலகின் கணக்கையும் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபை என்னும் இசை நிறுவனம் 2024 முதல் ஒரு விதி வகுத்துள்ளது: ஓராண்டில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு உரிமைத்தொகை இல்லை. 999 பேர் கேட்டாலும் சுழி! சிறுவாய்க்காலை மறித்துப் பெரிய ஏரியில் சேர்க்கும் வேலை இது.

சரி, கோடிக்கணக்கானோர் கேட்டால்? 2021இல் "எஞ்சாயி எஞ்சாமி" வந்தது. அறிவு எழுதித் தீயுடன் பாடினார். சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். தேயிலைத் தோட்டத்தில் உழன்ற நிலமற்ற முன்னோரின் பெருமூச்சு உலகெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு அதன் புகழ் பேசிய ஓர் இசை ஏட்டின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. அடுத்த ஆண்டு சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. ஆக்கியவர் யார், யார் பங்கு எவ்வளவு என்ற பூசல் அதன்பின் பொதுவெளிக்கு வந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பு வழங்க நான் நீதிபதியல்லன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உலகறிந்த பாட்டுக்கே இந்தக் கதியானால், பூம்புகார்க் குப்பத்தில் பிறந்த பாட்டுக்கு என்ன கதி?

காசு தர மறக்கும் உலகம், கைவிலங்கு தர மறப்பதில்லை. 2015 அக்டோபர் 30 அன்று, மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காகத் திருச்சியில் கோவன் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிரான குற்றம் என்று வழக்கும் பாய்ந்தது. பாட்டுக்கு வலிமை இல்லை என்றால் பயம் ஏன்? வலிமை உண்டு என்றால் அதற்கு விலை ஏன் இல்லை?

சட்டம் உறங்குகிறதா? நாம் உறங்குகிறோமா?

1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக எழுதி வாங்கிய பாட்டின் முதல் உரிமையாளர் படத்தயாரிப்பாளரே என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் காத்திருந்த பின், 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது என்ற நிலை வந்தது. எழுத்தில் கையொப்பமிடாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு மேல் நீளாது. 1969இல் தோன்றிய பாட்டுரிமைச் சங்கம் ஒன்றும் உண்டு, ஐ.பி.ஆர்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். நம் சிற்றூர்ப் பாடகர்களில் எத்தனை பேர் இதை அறிவர்? அறிவிக்க வேண்டிய படித்தவர்கள் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. சமயச் சடங்கிலும், திருமண ஊர்வலத்திலும், மணத்தையொட்டிய கொண்டாட்டத்திலும், அரசு விழாவிலும் பிறர் பாட்டைப் பாடினால் உரிமை மீறல் ஆகாது. ஏழை வீட்டுத் திருமணத்துக்கு அந்த விலக்கு வேண்டியதுதான். ஆனால், எங்கள் வட்டாரத்தில் பாட்டு வாழும் இடமே திருமணமும் திருவிழாவும்தானே! அங்கே பாட்டுக்கு உரிமைத்தொகை இல்லையென்றால், பாடும் உழைப்புக்கான கூலி ஒன்றே அவனுக்கு மிச்சம். அந்த ஒன்றையும் பொன்னாடையால் மூடுகிறோம்!

மறுப்போர்க்கு மறுமொழி

"கலை தெய்வத்தன்மை உடையது, அதற்கு விலை பேசலாமா?" என்கிறார் ஒருவர். நன்று ஐயா! தெய்வத்தன்மை உடைய அந்தக் கலைக்கு ஒலிபெருக்கி ஓசையிலேயே வாடகை வாங்கினாரே, அவரிடம் இந்தத் தத்துவத்தை ஏன் உரைக்கவில்லை? நெல்லும் உயிர் காப்பதுதான். அதற்காக உழவனுக்குக் கொள்முதல் விலை தராமல் மாலை போட்டு அனுப்பலாமா?

"திறமையிருந்தால் திரைப்படத்துக்குப் போகட்டுமே" என்கிறார் இன்னொருவர். எல்லா ஆறும் ஒரே கால்வாயில் ஓட வேண்டும் என்பது என்ன நீதி? திரைக்கதை கேட்பதைத்தான் திரைப்பாட்டு சொல்லும். ஆழிப்பேரலை 2004இல் அடித்துச் சென்ற குடிசையை, படகுக்கடனை, கடைமடைக்கு வராத காவிரியை, குப்பத்துப் பெண்ணின் கூடைச் சுமையைத் தானே கண்டு தானே பாடுகிறவன் வேண்டாமா?

"பேர் கிடைக்கிறதே, போதாதா?" என்பது மூன்றாவது குரல். அது என் குரல். நான் அவனிடம் சொன்ன சொல். பேரை உலையில் போட்டால் வேகுமா? ஆசிரியனான எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது; "உமக்கு நல்லாசிரியர் என்ற பேர் போதும்" என்று கருவூலத்தில் சொன்னால் நான் ஒப்புவேனா? எனக்கு ஒவ்வாத நீதியை என் மாணவனுக்கு ஓதினேன். வெட்கப்படுகிறேன்.

நான்காவது குரல் நம் முகாமிலிருந்தே வருகிறது: "கொள்கைக்காகப் பாடுகிறவன் கூலி கேட்கலாமா?" தமிழில் பாடு என்று 1940களில் தமிழிசை இயக்கம் போராடியது, 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மேடைக்குத் தமிழைக் கொண்டுவந்தோம், பெருமை! அந்தத் தமிழைப் புதிதாக ஆக்கிப் பாடுகிறவனுக்குச் சோற்றையும் கொண்டுவருவது அந்தப் போராட்டத்தின் மிச்சப் பாதி அல்லவா? உழைப்புக்கு ஊதியம் கேட்கும் மேடையில் ஊதியமில்லாமல் ஒருவனைப் பாட வைப்பது, மதுவிலக்கு மாநாட்டில் கள் வார்ப்பது போன்றது!

அயர்லாந்து சிறிய நாடு; பட்டினியால் மடிந்த வரலாறு உடைய நாடு. அங்கே 2022இல் 2000 கலைஞர்களைத் தேர்ந்து, வாரம் 325 யூரோ வீதம் அடிப்படை வருவாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினர். வேலையில்லாதோர்க்கு இரக்கம் என்றல்ல. கலையும் வேலை என்ற உணர்வில். 1008 கழஞ்சு தந்த புகார், அயர்லாந்திடமா பாடம் கேட்க வேண்டும்?

என்ன செய்யலாம்?

பெருந்திட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். நாளை காலையே தொடங்கக் கூடியவை உண்டு. விழாச் செலவுப் பட்டியலில் பாடகர் ஊதியம் முதல் வரியாக இருக்கட்டும், பந்தலுக்கும் முன்னால். தொகையைப் பாடுமுன் பேசுங்கள். பாடி முடித்ததும், அவன் மேடையை விட்டு இறங்குமுன், கையில் கொடுங்கள். யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பிறர் பாட்டைப் பள்ளி ஆண்டு விழாவில் பாட வைக்கும் ஆசிரியத் தோழர்களே, ஆக்கியோன் பெயரையும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். வட்டந்தோறும் பாடகர்கள் சங்கமாகட்டும். தனியே நின்றால் பொன்னாடை, சேர்ந்து நின்றால் பொன்! நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென அமைந்த நலவாரியத்தின் வாயில், தாமே புனைந்து தாமே பாடும் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் அகலத் திறக்கட்டும். மழைக்காலப் படியொன்று அவர்களுக்கும் வேண்டும் என்று கேட்போம்.

பாடகத் தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கும் ஒரு சொல். கூசாதீர்கள். "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கும் நா, பாடும் நாவைவிட இழிந்ததன்று. எழுத்தில் இல்லாத எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டாதீர்கள். உங்கள் பாட்டுகளை நாளிட்டு எழுதி வையுங்கள். உரிமையைப் பதிந்து வையுங்கள்.

அந்தப் பொன்னாடையை அவன் என்னிடமே விட்டுச் சென்றான். என் மேசைமேல் மடித்தபடி இருக்கிறது. சென்ற வாரம் வேறோர் ஊரிலிருந்து விழாக் குழுவினர் வந்தனர். "உங்கள் மாணவன் நன்றாகப் பாடுகிறானாமே, அனுப்பி வையுங்கள்" என்றனர். பொன்னாடையை எடுத்து அவர்கள் முன் வைத்தேன். "இது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஊதியம் எவ்வளவு தருவீர்கள்?" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், கலந்து பேசிச் சொல்வதாகக் கூறிச் சென்றனர்.

இன்னும் சொல்லவில்லை. அவனும் நானும் காத்திருக்கிறோம். ஆனால் இம்முறை அவன் வாயிலில் கைகூப்பிக் காத்திருக்கவில்லை. வாசகத் தோழர்களே, உங்கள் ஊரின் அடுத்த விழா எப்போது? அதில் பாடப்போகிறவன் யார்? அவனுக்கு எவ்வளவு?